மாமா விட்டுப்போன 216 கால்குலேட்டர்கள்: வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

செவ்வெண்:
மாமா காலமாகி நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லாதவர். ஆகவே அவருடைய கால்குலேட்டர் அறை என் பொறுப்பில் வந்து விழுந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்: 216. பெரும்பாலானவை 1970-களில் வந்தவை. சிவப்பு எல்இடி எண்கள், நீலப் பச்சையாக ஒளிரும் குழாய் எண்கள், அட்டைப் பெட்டியோடு சில, மூடியே இல்லாமல் சில. மேசை மேல் வைக்கும் பழைய மாடல்களும் இரண்டு உண்டு. அவற்றைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

எனக்கு மின்னணுவியல் தெரியாது. காந்த அட்டையைப் படிக்கும் ஒரு கால்குலேட்டரைத் திறந்து பார்த்தேன். அட்டையை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளை விரல் பட்டதும் தாராக ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் பேட்டரி இல்லை. ‘ஓடுகிறதா, பார்ப்போம்’ என்று சார்ஜரை மட்டும் செருகினேன். எண்கள் ஒரே ஒரு முறை மின்னின. அதோடு சரி.

அத்தைக்கு அந்த அறையில் தையல் இயந்திரம் போட வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இவற்றை என்ன செய்வது?

தூசிதட்டி:
முதலில், இனி எந்தச் சார்ஜரையும் தொடாதீர்கள். அந்தக் காலத்துச் சில மாடல்களில் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதே பேட்டரிதான். அது இல்லாவிட்டால் சார்ஜரின் முழு வேகமும் உள்ளே இருக்கும் சில்லின் (சிப்) மேல் இறங்கிவிடும்.

அடுத்து, விற்றுவிடுங்கள். இந்த ஆண்டே. இந்தப் பொருள்களின் விலை உலோகத்திலும் இல்லை, சில்லிலும் இல்லை, ஏக்கத்தில் இருக்கிறது. பதினேழு வயதில் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கியதைத்தான் மனிதன் ஐம்பது வயதில் வாங்குகிறான். 1972-இல் அப்படி ஏங்கியவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர் இப்போது வாங்குகிறவர் அல்ல. உங்கள் மாமாவைப் போல விட்டுச்செல்கிறவர். வால்வு ரேடியோக்களுக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் போட்டி போட்டு வாங்கினார்கள். இன்று எடுத்துப்போக ஆள் வந்தால் போதும் என்று வாசலில் வைக்கிறார்கள்.

216-இல் பத்து நல்ல விலைக்குப் போகும். எச்பி-35 முதல் தொகுதி, 1974-இன் எச்பி-65, அந்த இரண்டு கனமான மாடல்களில் ஒன்று முதன்முதலில் விற்பனைக்கு வந்த நுண்செயலிகளில் ஒன்றான இன்டெல் 4004 சில்லோடு வந்த பிசிகாம் 141-பிஎஃப் ஆக இருந்தால் அதுவும். மற்ற இருநூறையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு அத்தையின் தையல் இயந்திரத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.

அடுக்குப்பெட்டி:
தூசிதட்டி சொல்வதைக் கேட்டால் அந்தத் தொகுப்பு ஒரே வாரத்தில் செத்துவிடும்.

ஐயா, அந்த இருநூறுதான் முக்கியம். எச்பி-35-ஐ யாரும் தூக்கி எறியப்போவதில்லை, அது பிழைத்துக்கொள்ளும். 1961-இல் பிரிட்டனில் வந்த அனிட்டா என்ற கால்குலேட்டர் மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒளிரும் வாயுக் குழாய்கள். பதினோரு ஆண்டுகளில் சட்டைப்பைக்குள் சைன், காஸ் போடும் எச்பி-35 வந்துவிட்டது. அதன் விலை 395 டாலர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால்குலேட்டர் என்பது பள்ளிப் பையில் கிடக்கும் சாமானாகிவிட்டது. இந்தச் சரிவைக் காட்டுபவை பெயர் பெற்ற மாடல்கள் அல்ல; பெயர் தெரியாத, மலிவான, விரிசல் விட்ட பிளாஸ்டிக் மாடல்கள்தான். வரிசையாக அடுக்கினால் அது ஒரு தொழிலின் வரலாறு. பிரித்தால் வெறும் சாமான்.

குப்பை என்று தீர்ப்பெழுதும் அவசரமும் வேண்டாம். நிலாப் பயணத்துக்காகச் செய்த அப்போலோ வழிகாட்டிக் கணினி ஒன்று 1970-களில் பழைய உலோகத்தோடு உலோகமாக விற்கப்பட்டது. வாங்கியவர் உருக்காமல் வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2019-க்குள் ஒரு சிறு குழு அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அந்த மனிதர் அன்றைய சந்தை விலையை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால்?

தூசிதட்டி:
நிலாவுக்குப் போன வகையைச் சேர்ந்த கணினியையும் விரிசல் விட்ட கால்குலேட்டரையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

‘முழுத் தொகுப்பாகக் காப்பாற்றுவோம்’ என்று பேசுகிறவர்கள் சியாட்டிலைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டை நிறுவிய இருவரில் ஒருவரான பால் ஆலன், பழைய பெருங்கணினிகளை வாங்கி, பழுது பார்த்து, ஓடும் நிலையில் வைத்து, 2012-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பணத்துக்குக் குறைவில்லை, பொறியாளர்களுக்கும் குறைவில்லை. 2018-இல் அவர் இறந்தார். 2020-இல் கதவு மூடியது, பிறகு திறக்கவே இல்லை. 2024-இல் தொகுப்பின் ஒரு பகுதி கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. அதிலிருந்த ஆப்பிள்-1 மட்டும் 9,45,000 டாலருக்குப் போனது. உலகப் பணக்காரர்களில் ஒருவரின் தொகுப்பே அவருக்குப் பின் ஆறு ஆண்டுகளில் சிதறியது. செவ்வெண்ணின் மாமா அறை எத்தனை நாள் தாங்கும்?

அடுக்குப்பெட்டி:
அந்த அடி எனக்கும் வலித்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தோற்றது தொகுப்பு அல்ல, ஏற்பாடு. தனக்குப் பின் யார், எந்தப் பணத்தில் என்பதற்கு அசைக்க முடியாத ஏற்பாடு இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், என் வாதத்துக்கு இது உதவாவிட்டாலும். ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் சரக்கறையில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நன்கொடை என்று பெட்டிகள் வந்து இறங்கும்போது எங்களுக்கு மகிழ்ச்சியைவிடக் கலக்கம்தான் அதிகம். பட்டியல் இருக்காது. யார் வாங்கினார், எங்கே பயன்படுத்தினார், ஒரு வரி இருக்காது. பாதிப் பெட்டிகளில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். ஏற்கெனவே எங்களிடம் மூன்று இருக்கும் மாடலே நான்காவதாக வரும். ‘அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டோம்’ என்று கொடுத்தவர் நிம்மதியாகப் போய்விடுவார். பெட்டி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

நகலன்:
இரண்டு பேரும் பிளாஸ்டிக்குக்காக அடித்துக்கொள்கிறீர்கள். கால்குலேட்டரின் உயிர் அதன் நிரல். நிரலை எடுத்துவிட்டால் கூட்டை விட்டுவிடலாம்.

1974-இன் சின்கிளேர் சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்காகச் செய்த ஒரு சில்லுக்குள் வெறும் 320 கட்டளைகளில் மடக்கையையும் முக்கோணவியலையும் திணித்தார்கள். விடை மெதுவாக வரும், துல்லியமும் சுமார்தான். ஆனால் அந்த 320 கட்டளைகளும் ஓர் அதிசயம். சில்லின் மூடியைக் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, புள்ளி புள்ளியாக அந்த நிரலைப் படித்துவிட்டார்கள். இன்று உலாவியில் அது ஓடுகிறது. ரப்பர் உருகாது, பேட்டரி கசியாது, அத்தையின் அறையும் நிறையாது.

2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. அதில் 216 கால்குலேட்டர்கள் ஒரு துளிகூட இல்லை, தெரியும். ஆனாலும் எல்லாவற்றையும் காப்பாற்றும் மனநிலைக்கு எங்காவது ஓர் எல்லை வேண்டாமா?

பற்றாசு:
நகலனுக்கு ஒரு கேள்வி. எச்பி-35-இன் முதல் தொகுதியில் ஒரு பிழை இருந்தது. 2.02-க்கு இயல் மடக்கை எடுத்து, அந்த விடைக்கு அதன் நேர்மாறான அடுக்குக்குறி விசையை அழுத்தினால் 2.02 திரும்பி வர வேண்டும். வந்தது 2. அந்தப் பிழை உள்ள கால்குலேட்டரைத் தேடித்தான் இன்று சேகரிப்பவர்கள் அலைகிறார்கள். உங்கள் நகலில் அது கிடைக்குமா?

நகலன்:
கிடைக்கும். பிழை நிரலில்தான் இருக்கிறது. பழைய நிரலை ஏற்றினால் திரையிலும் 2 தான் வரும். கேள்வி எனக்கே சாதகமாக முடிந்துவிட்டதே.

பற்றாசு:
சரி, அந்தச் சுற்று உங்களுடையது.

ஆனால் அந்த விசையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மேலே உள்ள எண் அச்சடித்தது அல்ல. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்தது. ஐம்பது ஆண்டு தேய்த்தாலும் 7 என்பது 7-ஆகவே இருக்கும். பாதி வழியில் விசை சற்று எதிர்த்து, பிறகு ‘டக்’கென்று விழும். தான் அழுத்தியது பதிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இது எந்தச் சில்லின் படத்திலும் இல்லை. நிரல் பாட்டு என்றால் இது தொண்டை.

செவ்வெண், உங்களிடம்தான் முக்கியமான கேள்வி. பொருள்களை விடுங்கள். மாமா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா?

செவ்வெண்:
இந்தக் கேள்வி வந்த பிறகுதான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீள நோட்டு ஒன்று இருந்தது. பட்டியல் என்று நினைத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

“63: இறந்தது. திரை 41-க்குப் போனது. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, தொடாதே.”
“41: உடல் 41, திரை 63, பேட்டரிப் பெட்டி 112. ஓடுகிறது. சார்ஜர் கூடாது!!”
“112: வினிகர் போட்டும் பச்சை போகவில்லை. செம்புத் தடம் அறுந்திருக்கிறது. கம்பி வைத்துப் பற்றவைத்தேன். மூன்று நாள் ஓடி நின்றது. என் தவறு.”

நான் கருக்கியது 41. இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறார்.

கூட்டிப் பார்த்தேன். 216-இல் ஓடுபவை 94. வெறும் கூடுகளும் உதிரி கொடுத்துத் தீர்ந்தவையும் 71. மற்றவை நடுவில் எங்கோ. பக்கத்துக்குப் பக்கம் ‘என் தவறு’ வருகிறது.

அடுக்குப்பெட்டி:
எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரே மாடல் மூன்றின் உறுப்புகளைக் கலந்துவிட்டால் எந்த வரிசை எண் எந்தக் கூட்டுக்குச் சொந்தம்? மூல நிலை என்ற பேச்சே போய்விட்டதே.

பற்றாசு:
எனக்கோ அந்த நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் போல இருக்கிறது. மூல நிலையில் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்களின் கால்குலேட்டர்களுக்குள் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? உருகிய ரப்பரும் கசிந்த பேட்டரியும்தான். உங்கள் மாமாவிடம் 94 ஓடுகின்றன, அதுவும் எதனால் ஓடுகின்றன என்ற கணக்கோடு. உருகிய உருளைக்கு அவர் என்ன போட்டார், எந்த அளவுக் குழாய் பொருந்தியது, எது வழுக்கியது என்றெல்லாம் எழுதியிருப்பார். அட்டை படிக்கும் பழைய மாடல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த உருளை போய்விட்டது. வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஆள் தனியாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

தூசிதட்டி:
விற்பதாக இருந்தால் அந்த நோட்டை வாங்குகிறவர் கண்ணில் காட்டியே ஆக வேண்டும். கலந்து கட்டியதை மூலப் பொருள் என்று விற்பது மோசடி. காட்டினால் விலை குறையும், அதுதான் நியாயம். நான் விற்கச் சொல்கிறேன், ஏமாற்றச் சொல்லவில்லை.

‘ஓடுகிறது’ என்பதற்கும் பெரிய பொருள் இல்லை. இன்று ஓடுவது ஐந்து ஆண்டில் நிற்கும். அப்போது திறந்து பார்க்க உங்கள் மாமா இருக்கமாட்டார்.

அடுக்குப்பெட்டி:
அந்தக் கடைசி வரியை மட்டும் மறுக்க முடியவில்லை. வரிசையாக அடுக்கிக் காட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது, அவற்றை யார் திறந்து பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை. எங்கள் சரக்கறையிலும் அந்த ஆள் இருந்ததில்லை.

இருந்தாலும் ஒரு வேண்டுகோள். எதைக் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே தரையில் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்த வரிசை ஒரு நாளாவது முழுசாக இருந்தது என்பதற்கு.

செவ்வெண்:
அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். ‘ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து இதைத்தான் எழுதினாரா’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பேட்டரிகளை வெளியே எடுக்க என்னோடு உட்கார்ந்தார். 38 பேட்டரிகள் வந்தன, ஒன்பது கசிந்திருந்தன.

இப்போதைக்கு முடிவு செய்தது இவ்வளவுதான். நோட்டு முழுவதையும் படமெடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடுகிறேன். நகலனுக்காக, சில்லுகளின் எண்களையும் தட்டச்சு செய்து தருகிறேன். தரையில் அடுக்கிப் படமும் எடுப்பேன். ஓடுபவற்றில் இருபதை நான் வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுக்குத்தான் என்னால் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று தோன்றுகிறது, முதலில் 41. மற்றவற்றை விற்பேன், ஒவ்வொன்றோடும் அதற்குரிய வரியை நோட்டிலிருந்து நகலெடுத்து வைத்து. கூடுகள் 71-ஐ விற்க மனம் வரவில்லை. உதிரி வேண்டுபவர்கள் கேட்டால் அஞ்சல் செலவுக்கு அனுப்புகிறேன். கேட்க ஆள் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

நகலன்:
கூடுகளை அனுப்புவதற்கு முன்பு, சில்லு செத்துவிட்டது என்று உறுதியானவற்றில் இரண்டை எனக்கு ஒதுக்குங்கள். மூடியைக் கரைத்துப் பார்க்க வேண்டும். கூட்டை விட்டுவிடலாம் என்று சொன்னவன் நான்தான், நினைவிருக்கிறது. தேவையானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தூசிதட்டி:
63-ஆம் எண்ணில் விசைப்பலகை நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதியிருந்தது அல்லவா? அது எந்த மாடல்? பொத்தான் வரிசை எனக்குத் தெரிந்த ஒன்றாக இருந்தால், என்னுடையதில் ‘6’ விசை பதினொரு ஆண்டுகளாக அமுங்கியே கிடக்கிறது.

பற்றாசு:
விற்றுவிடுங்கள் என்று முழங்கியவர்தானே நீங்கள்?

தூசிதட்டி:
அவரை விற்கச் சொன்னேன். என்னுடையதைப் பற்றி யார் பேசினார்கள்?

செவ்வெண்:
மாடல் அதுதான் என்று நினைக்கிறேன், படம் அனுப்புகிறேன். ‘6’ இரண்டு இருக்கின்றன, ஒன்று 63-இல், ஒன்று 112-இல். 63-இல் இருப்பது லேசாக மஞ்சளித்திருக்கிறது, ஆனால் ‘டக்’ நன்றாக விழுகிறது. எது வேண்டும்?