பாட்டுக்குழு ஆரம்பிச்சு ஊர்ப் பள்ளிக்கு மூணாவது டீச்சர் கேக்கணும்: எங்கேருந்து தொடங்குறது?

செல்லம்பட்டிப் பையன்:

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். மதுரை மாவட்டம் செல்லம்பட்டி ஒன்றியத்துல எங்க ஊர். தொடக்கப்பள்ளியில அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து 58 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா மிச்சம் இருக்கிற ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் ஒரே ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. நாங்க காலேஜ் பசங்க பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கோம். பறை, பாட்டு, சின்ன நாடகம்னு ஒரு குழு ஆரம்பிச்சு மூணாவது டீச்சர், கல்விக் கொள்கை, நுழைவுத்தேர்வு, தனியார் பள்ளிக் கட்டணம் எல்லாத்தையும் பாடலாம்னு யோசனை. ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு ஊரைத் திரட்டணும். என்னென்ன கருவி வேணும், எத்தனை பாட்டு, யார்கிட்ட அனுமதி வாங்கணும்? ஊர்ப் பெரியவங்க சிலர் "பறை எதுக்குடா, எழவா விழுந்திருக்கு"ங்கிறாங்க. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. பள்ளி ஜூன்ல திறக்குது.

ஓய்வு வாத்தியார், மேலூர்:

தம்பி, பாட்டு இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. உங்கள் பள்ளியில் 58. மூணாவது டீச்சர் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் விடிய விடியப் பறை அடித்தாலும், "விதிப்படி இரண்டு பேர் இருக்கிறார்களே" என்று ஒரே வரியில் மனுவை முடித்துவிடுவார்கள். இதே 58, 61 ஆகிவிட்டால் பேச்சே வேறு.

ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான். நீங்கள் ஆகஸ்ட் 15க்குக் கூட்டம் கூட்டினால், கதவு சாத்திய பிறகு தட்டுவதாகும். ஆகவே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பாட்டு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: தனியார் பள்ளி வேன் ஏறிப் போகும் பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேருங்கள். சரியாக 61இல் நின்றுவிடாதீர்கள். இரண்டு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போனால் மறுபடி 58தான். 65, 66 இலக்கு வையுங்கள்.

சேர்க்கையில் சிக்கல் வரும் இடம் மாற்றுச் சான்றிதழ். கட்டணப் பாக்கி என்று தனியார் பள்ளி தராமல் இழுக்கும். சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14ஆவது பிரிவு. ஆனால் எமிஸில், அதாவது பிள்ளைகள் விவரம் ஏற்றும் அரசு இணையப் பதிவேட்டில், பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவிக்காமல் வைத்திருந்தால், உங்கள் பள்ளி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் பள்ளிக் கணக்கில் ஏறாது. தலைமை ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை இதை விசாரியுங்கள். ஜூலை கடைசி வாரத்தில் போய் நின்றால் சரிசெய்ய நேரம் இருக்காது.

இன்னொன்று, உங்கள் பக்கத்து ஊர்களுக்கே உரியது. பள்ளிப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியா, அரசு கள்ளர் பள்ளியா, ஆதிதிராவிடர் நலப் பள்ளியா? ஒன்றியப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்வி மாவட்டக் கல்வி அலுவலர். கள்ளர் பள்ளி என்றால் கள்ளர் சீரமைப்பு அலுவலகம். தப்பான மேஜைக்குப் போன மனு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று அலைந்துகொண்டிருக்கும்.

கல்விக் கொள்கை, நுழைவுத்தேர்வு எல்லாம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அவற்றைப் பாடிக் கேட்டவர் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும்? அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பாடுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம்.

சிண்டுக்குச்சி:

வாத்தியார் சொன்னதுக்கு மேல கணக்குல நான் சொல்ல ஒண்ணுமில்ல. கருவிக்கு வாரேன்.

பன்னிரண்டு பேர் தாராளம். பறை நாலு போதும், அஞ்சாவது சத்தத்துக்குத்தான் ஆகும், வார்த்தை காதுல விழாது. கஞ்சிரா ஒண்ணு, சலங்கை ரெண்டு ஜோடி. பாட மூணு பேர், பின்பாட்டுக்கு எல்லாரும். கத்துக்கிற பசங்க மொத மாசம் தோலுக்குப் பதிலா ஃபைபர் போட்ட பறையை வச்சே அடிச்சுப் பழகலாம். காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்ல. ஆனா சத்தம் தகரம் மாதிரி மெலிசா இருக்கும். தெருவுல ஆளைக் கூட்ட தோல்தான் சரி.

தோல் பறையில வழக்கமா நடக்கிற கூத்து: சாயங்காலம் ஆறு மணிக்குச் சூடுபண்ணி வச்சிருப்பாங்க, ஏழரைக்குள்ள பனி இறங்கித் தோல் தொய்ஞ்சு "தொப்பு தொப்பு"ன்னு கேக்கும். அதனால ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கட்டு வைக்கோல் கைவசம் வேணும். தீயில இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, முகத்தைச் சுத்திக்கிட்டே காய்ச்சணும். ஒரே இடத்துல காட்டினா அந்த இடம் மட்டும் விறைச்சு, அடிக்கையில அங்கேதான் கிழியும். நாலையும் சேர்த்துக் காய்ச்சி, விரலால தட்டிப் பார்த்து, ஒரே சுருதிக்கு வந்ததும் எடுங்க. ஒண்ணு மட்டும் ஏறி நின்னா கேக்க நாராசமா இருக்கும்.

புதுசா ஆரம்பிக்கிற குழு எல்லாம் பண்ற தப்பு, பாட்டுக்கும் பறையே அடிக்கிறது. பறை ஆளைக் கூப்பிட. பாட்டு ஆரம்பிச்சதும் பறை நிக்கணும், கஞ்சிராவும் கைதட்டும் மட்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) பறை வந்துட்டுப் போகலாம். தள்ளிட்டுப் போற பேட்டரி ஸ்பீக்கர் ஒண்ணு, ரெண்டு மைக் போதும். பாடுறவங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்கணும், முன்னாடி நின்னா கொய்ய்ய்னு கத்தும்.

பெரியவங்க கேள்விக்கு: எழவு வீட்டு அடி எது, சாமிக்கு அடிக்கிற அடி எதுன்னு ஊர்ல எல்லாருக்கும் காதுலயே தெரியும். அந்த ரெண்டையும் தொடாதீங்க. ஆட்டத்துக்கு உள்ள அடியை மட்டும் எடுங்க, ரெண்டாம் நாள்லயே முணுமுணுப்பு அடங்கும். பறைக்காக 2025ல பத்மஸ்ரீ வாங்கின வேலு ஆசான் நம்ம மதுரை மாவட்டத்துக்காரர்தான், அதையும் சொல்லுங்க. இன்னொண்ணு, கொஞ்சம் கடுமையாவே சொல்றேன்: கத்துக்குடுக்க ஆசானைக் கூப்பிட்டா கூலியைக் காசாக் குடுங்க. சேவைக்குத்தானேன்னு டீயும் சாப்பாடும் குடுத்து அனுப்புறது அசிங்கம்.

கும்மிக்காரி:

பிள்ளையை எந்தப் பள்ளியில சேர்க்கிறதுன்னு முடிவெடுக்கிறது பெரும்பாலும் அம்மாக்கள். உங்க பாட்டு அவங்களுக்குப் போய்ச் சேரணும். முளைப்பாரிக்குக் கும்மி அடிக்கிற ஊர்ல மெட்டுக்கு ஏன் அலையணும்? அந்த மெட்டு ஏற்கெனவே அவங்க கையில இருக்கு, வார்த்தை மட்டும் புதுசு. ரெண்டாவது தடவை பாடும்போது அவங்களே பின்பாட்டு எடுத்துருவாங்க. இப்படி ஒண்ணு எழுதிப் பாருங்க:

அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சரம்மா
ஆளுக்கு எத்தனை பாடமெடுப்பாக – நம்ம
பிஞ்சு பிள்ளை மூணு சேர்ந்து வந்துட்டாக்க
பின்னால ஒருத்தரு கூட வருவாக

இதுல ஒரே ஒரு சேதிதான் இருக்கு. ஒரு சரணத்துக்கு ஒரு சேதி, அதுக்கு மேல ஏத்தினா எதுவும் நிக்காது. நாலு சரணம், மூணரை நிமிஷம். கடைசிச் சரணத்துல நாள், இடம், நேரம் வந்தே ஆகணும். "விழித்தெழு தமிழா", "கல்வி எனும் ஆயுதம்" மாதிரி வரியெல்லாம் காலேஜ் மேடைக்கு வச்சுக்கோங்க.

நேரம் ரொம்ப முக்கியம். உங்க பக்கம் மல்லிகை இருக்கு. பூப்பறிக்கப் போறவங்க விடியுமுன்ன எந்திரிக்கணும், எட்டரைக்கெல்லாம் படுத்துருவாங்க. ஆறரைக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிங்க. அதுக்குள்ள மூணு நிறுத்தம் பண்ணலாம், ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம்: பறை மூணு நிமிஷம், ரெண்டு பாட்டு, அஞ்சு நிமிஷ நாடகம், மிச்சம் பேச்சும் பேர் எழுதுறதும். பாட்டு முடிஞ்ச அந்த நிமிஷமே நோட்டோட ரெண்டு பேர் கூட்டத்துக்குள்ள இறங்கணும். பிள்ளை பேரு, வயசு, இப்ப எங்க படிக்குது, அம்மா நம்பர். "நாளைக்கு வந்து எழுதிக்கிறோம்"னா போச்சு. மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்கு ரெண்டு பேர் போகணும், அதுல ஒரு பொண்ணு கண்டிப்பா இருக்கணும்.

1990கள்ல எழுதப்படிக்கச் சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கம் ஊர் ஊரா கலைக்குழுவை இறக்கினது நினைவிருக்கும். புதுக்கோட்டையில அது அவ்வளவு பரவினதுக்குப் பாட்டு மட்டும் காரணம் இல்ல. பாட்டு முடிஞ்ச தெருவுல சொல்லிக்குடுக்க ஒரு தொண்டரும் கையில ஒரு புத்தகமும் இருந்துச்சு. அது இல்லாம வெறும் ஜாதா (பிரசார ஊர்வலம்) போன ஊர்ல கைதட்டல்தான் மிச்சம்.

எங்க நின்னு பாடுறதுன்னும் யோசிங்க. கோயில் சாவடியில வச்சா ஒரு பகுதி ஆளுங்க தள்ளித்தான் நிப்பாங்க, காலனியில மட்டும் வச்சா ஊர்க்காரங்க வரமாட்டாங்க. ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் மாதிரி எல்லாரும் வந்து போற இடமாப் பாருங்க. முதல் நாளே ரெண்டு பக்கமும் போயிருங்க. ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த வாரம் மறுபக்கம்னா "அவங்க குழு"ன்னு பேர் விழுந்துரும், அப்புறம் துடைக்கவே முடியாது.

செல்லம்பட்டிப் பையன்:

வாத்தியார் ஐயா, 61 கணக்கு எங்களுக்குத் தெரியவே தெரியாது. பலகையைப் பார்த்தாச்சு, ஒன்றியப் பள்ளிதான். கும்மிக்காரி அக்கா, உங்க பாட்டையே எடுத்துக்கிறோம். ஒரு சந்தேகம்: எங்க பசங்க பாதிப் பேர் ராப் பண்ணலாம்ங்கிறாங்க. கும்மி வரிகளையே யூட்யூப் பீட்ல போட்டா ஒட்டவே மாட்டேங்குது, ஏன்? சினிமா மெட்டுல எழுதலாமா?

ரெக்கார்டிங் ராசா:

ஒட்டாது தம்பி. கும்மி திஸ்ர நடை, மூணு மூணா நடக்கும். யூட்யூப்ல இலவசமா கிடைக்கிற பீட் பெரும்பாலும் நாலு நாலா போகும். வரியை அதுல திணிச்சா ஒவ்வொரு சீருக்கும் ஒரு அசை தொங்கும். ஒண்ணு ராப்புக்குத் தனியா வரி எழுதுங்க, இல்லாட்டி உங்க பறையையே பதிவு பண்ணி அதையே பீட்டா வச்சுக்கோங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஊர்ச் சத்தமாவும் இருக்கும்.

பதிவு பண்ண போன் போதும். பறைக்குப் பக்கத்துல வச்சா கரகரன்னு உடைஞ்சிரும், ஆறேழு அடி தள்ளி, தரையில வைக்காம ஸ்டூல்ல துணி விரிச்சு அதுமேல வைங்க. தகரக் கொட்டகை வேண்டாம், எதிரொலி. அடிக்கிறவர் ஒரு காதுல ஹெட்செட் போட்டு மெட்ரோனோம் (தாளம் தப்பாம டிக் டிக்னு அடிக்கிற ஆப்) கேட்டுக்கிட்டே எட்டு ஆவர்த்தனம் அடிச்சா போதும், மிச்சத்தை வெட்டி ஒட்டிக்கலாம். குரலைத் தனியா, மெத்தை தலைகாணி இருக்கிற ரூம்ல எடுங்க.

சினிமா மெட்டைத் தொடாதீங்க. தெருவுல பாடுறப்ப யாரும் கேக்கலைன்னாலும், கரோக்கி டிராக்கோட இணையத்துல ஏத்தினா உரிமை கேட்டு நோட்டீஸ் வரும், இல்ல சத்தத்தை ஊமையாக்கிருவாங்க. ஊர் மெட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. பாரதியார் பாட்டுகளும் 1949லயே நாட்டுடைமை ஆயிருச்சு, வரிகளைத் தாராளமா எடுக்கலாம். ஆனா வேற ஒருத்தர் போட்ட இசையை எடுக்கக் கூடாது.

வாட்ஸப்புக்கு முப்பது விநாடித் துண்டு ஒண்ணு வெட்டி, அதுல நாளையும் இடத்தையும் எழுத்துலயே போடுங்க. பஸ்ல சத்தமில்லாம பார்க்கிறவங்கதான் அதிகம்.

கிராமசபைக் கிறுக்கன்:

அனுமதி விஷயத்தை யாரும் தொடலையே. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வேணும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பள்ளி, ஆஸ்பத்திரி, கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பள்ளிக்காகப் பாடப்போய்ப் பள்ளி வாசல்லயே ஸ்பீக்கர் வச்சு மாட்டிக்காதீங்க! அக்கா சொன்ன பஸ் ஸ்டாப்பும் 100 மீட்டருக்கு வெளிய இருக்கான்னு அளந்துக்கோங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல தேதி, நேரம், வழித்தடம், எத்தனை பேர், பொறுப்பாளர் ரெண்டு பேர் நம்பர் எழுதிக் குடுத்து, ரெண்டாவது பிரதியில முத்திரை வாங்குங்க. 18 வயசுக்குக் கீழ யாராவது பாடினா பெற்றோர் கையெழுத்து வாங்கி வைங்க. டீச்சர்களைப் பாட்டுலயோ மேடையிலயோ இழுக்காதீங்க. நடத்தை விதியைக் காட்டி நோட்டீஸ் குடுத்தா உங்களுக்காக நின்ன ஒரே ஆளையும் இழந்துருவீங்க. கட்சிக்கொடி, கட்சித்துண்டு எதுவும் வேண்டாம், எந்தக் கட்சின்னாலும்.

இப்ப ஆகஸ்ட் 15. அதுக்கு முன்னாடி பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போடுங்க. அதுல முக்கால்வாசி பெற்றோர்தான், 2024ல மறுபடி அமைச்சப்ப முன்னாள் மாணவர்களையும் சேர்த்தாங்க, உங்க குழுவுல யாராவது அதுல இருக்காங்களான்னு பாருங்க. "ஆகஸ்ட் 1 நிலவரப்படி எங்க பள்ளியில இத்தனை பிள்ளைகள், சட்டப்படி 3 ஆசிரியர் வேண்டும், பணிநிரவலில் நிரப்ப வேண்டும்"னு எண்ணோட எழுதணும். பணிநிரவல்னா உபரி ஆசிரியர் இருக்கிற பள்ளியில இருந்து தேவைப்படுற பள்ளிக்கு மாத்துறது. அந்தத் தீர்மான நகலை வச்சுக்கிட்டு கிராமசபைக்குப் போங்க.

ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சிச் செயலர்கிட்ட பொருளை எழுத்துல குடுத்து ஒப்புகை வாங்குங்க. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைஞ்சது எத்தனை பேர் வரணும்கிறது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர். கொடியேத்தி மிட்டாய் குடுத்ததும் கூட்டம் கலைஞ்சிரும். அங்கேதான் உங்க கும்மி வேணும், கொடியேத்தம் முடிஞ்சதும் ஒரு பாட்டு, அப்படியே உக்கார வச்சிருங்க. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து முதல்ல வாங்கிருவாங்க, தீர்மானம் சாயங்காலம் ஆற அமர எழுதுவாங்க. அதனால உங்க தீர்மானத்தை அங்கேயே எழுதி, சத்தமா வாசிக்கச் சொல்லிட்டுக் கலையுங்க. தலைவர் இருந்தாலும், தலைவர் இல்லாதப்ப ஊராட்சியைப் பார்த்துக்கிற தனி அலுவலர் இருந்தாலும் நடைமுறை இதுதான்.

அப்புறம் நகலோட திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு. மனு ரசீது எண்ணைப் பத்திரமா வைங்க. ஒரு மாசம் பார்த்துட்டு அசைவு இல்லைன்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த எண்ணைப் போட்டு, மனு எந்த மேஜையில எந்தத் தேதி முதல் இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். "ஏன் தரலை"ன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பிருவாங்க. தேதி, பதவி, நகல் இந்த மூணை மட்டும் கேளுங்க.