பிரிண்டர் அறைக் காற்று: அனுபவப் பகிர்வு

காப்பியர் சர்வீஸ்:
லேசர் பிரிண்டர், காப்பியர் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் டோனர் என்கிற கறுப்புத் தூளைக் காட்டித்தான் பயப்படுகிறார்கள். டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். சிந்தினால் தெரியும், துடைத்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஃபியூசர் என்கிற சூடான ரோலர் பகுதியை. சுமார் 180–200 டிகிரி சூட்டில் டோனரை உருக்கித் தாளில் ஒட்டும்போது டோனரிலிருந்தும் தாளிலிருந்தும் ரோலரின் மசகிலிருந்தும் ஆவி கிளம்பும். வெளியே வந்து ஆறியதும் அது 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகளாகிவிடும். நுரையீரலின் அடிவரை போகிற அளவு அது. 2007இல் வெளியான குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வில் 62 பிரிண்டர்களில் 17 அதிகம் உமிழ்பவை எனத் தெரிந்தது.

கொரோனா வயர் (உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் தரும் மெல்லிய கம்பி) உள்ள பழைய மெஷினில் ஓசோன் வாயுவும் சேரும். தீப்பொறி பறந்த இடத்து வாடை, தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல் இருந்தால் ஓசோன் ஃபில்டரைப் பாருங்கள். உள்ளே இருப்பது கார்பன். தூசியை ஊதிவிட்டு அதையே திரும்பப் போடுவது வீண், மாற்றத்தான் வேண்டும். கம்பிக்குப் பதில் சார்ஜ் ரோலர் என்கிற உருளையால் மின்னேற்றம் தரும் மாடல்களில் ஓசோன் மிகக் குறைவு.

காற்றோட்டப் பொறியியல்:
ஸ்ப்ளிட் ஏசி புதுக்காற்று தராது, உள்ளே இருப்பதையே சுற்றிவிடும். பிரிண்டர் அறைக்குத் தனி எக்ஸாஸ்ட் வேண்டும். ஆஷ்ரே என்கிற அமெரிக்கக் காற்றோட்டப் பொறியாளர் சங்கத்தின் 62.1 தரப்படி சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.5 கன அடி, அதாவது 100 சதுர அடி அறைக்கு 50 கன அடி. சின்ன ஃபேனே போதும். ஆனால் அடிக்கடி இரண்டு கோளாறுகள் பார்க்கிறோம். ஒன்று, கதவு இறுக மூடியிருக்கும். உள்ளே காற்று வர வழியில்லாததால் ஃபேன் சும்மா சுற்றும். கதவின் அடியில் கிரில் வையுங்கள். இன்னொன்று மோசம்: குழாயை வெளியே கொண்டுபோகாமல் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயே விட்டிருப்பார்கள். அதே காற்று பக்கத்து அறையில் இறங்கும். ஒரு டிஷ்யூ தாளை எக்ஸாஸ்ட் கிரில்லில் வைத்தால் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். நின்றாலும் குழாய் எங்கே முடிகிறது என்பதை ஏணி போட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

காற்றின் தரம் அளப்பவர்:
பி.எம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான தூசி) அளக்கும் கருவி பச்சை காட்டுகிறது என்று நிம்மதியடையாதீர்கள். சாதாரண லேசர் சென்சாருக்கு 0.3 மைக்ரானுக்குக் கீழே அநேகமாக எதுவும் தெரியாது. காற்றில் மின்னேற்றத் துகள்களை விடும் அயனைசர் வைப்பதும் வேண்டாம், சில மாடல்கள் ஓசோனையே கூட்டும்.

தொழில்சார் மருத்துவம்:
வார நாட்களில் தலைவலி, இருமல், மூக்கடைப்பு. விடுமுறையில் சரியாகிறது என்றால் முதலில் உட்காரும் இடத்தைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவரை பிரிண்டரின் காற்றுப் போக்கி பார்க்கும் திசையில் உட்கார வைக்கவே கூடாது.

காப்பியர் சர்வீஸ்:
டோனர் சிந்தினால் மெஷினை அணைத்து, என்95 மாஸ்க், கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பெருக்கினால் பறக்கும். வெந்நீர் ஊற்றினால் டோனர் உருகிக் கறையாகிவிடும், எனவே குளிர்ந்த நீர்தான். வீட்டு வேக்யூம் க்ளீனர் வேண்டாம்: நுண்தூள் ஃபில்டரைத் தாண்டிவிடும், நிலைமின்சாரத்தில் பற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

புதிதாக வாங்குவதானால் ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல் என்கிற சுற்றுச்சூழல் முத்திரையைப் பாருங்கள். அதில் நுண்துகள் எண்ணிக்கைக்கே வரம்பு இருக்கிறது. நகல் குறைவாக எடுக்கிற இடத்துக்கு இங்க்ஜெட் போதும், ஃபியூசரே கிடையாது.