நோட்பேட்++ பல்தேர்வு: தேடல் விருப்பங்களை ஸ்கிரிப்டில் எழுத வேண்டுமா, மெனுவே போதுமா?

பைந்நாகம்:
நோட்பேட்++ என்ற உரைத்திருத்தியில், 2023 நவம்பரில் வெளியான 8.6 பதிப்பிலிருந்து, எடிட் மெனுவில் பல்தேர்வுக்கென, அதாவது ஒரே உரை வரும் பல இடங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றிலும் ஒருசேரத் தட்டச்சு செய்வதற்கென, இரண்டு துணைமெனுக்கள் உள்ளன. ஒன்று எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்று அடுத்த இடத்தை மட்டும் சேர்க்கிறது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதா, முழுச்சொல்லாக மட்டும் தேடுவதா என்ற இரண்டு கேள்விகளின் நான்கு கூட்டுகளும் ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கட்டளைகளாக இருப்பதால், மொத்தம் எட்டுக் கட்டளைகள் கிடைக்கின்றன. "இவை வந்த பிறகு ஸ்கிரிப்ட் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் மெனு முடிகிற இடத்தில்தான் ஸ்கிரிப்டின் வேலையே தொடங்குகிறது. மெனுக் கட்டளை எப்போதும் கோப்பு முழுவதையும் தேடுகிறது. நான் திருத்த விரும்புவது நிரலின் ஒரே ஒரு செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) இருக்கும் மாறியை மட்டும் என்றால், மெனுவால் எனக்குப் பயனில்லை. பைதான் மொழியில் ஸ்கிரிப்ட் எழுத உதவும் பைதான்ஸ்கிரிப்ட் என்ற செருகுநிரலிலோ (கூடுதலாக நிறுவும் துணைநிரல்) தேடல் எல்லையின் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்துவிட்டு, அந்த எல்லைக்குள் மட்டும் தேர்வுகளைச் சேர்க்கச் சொல்லலாம்.

எளியவன்:
எல்லைக்குள் தேடுவதற்கு மாற்றீட்டுச் சாளரத்தில் "தேர்வுக்குள் மட்டும்" என்ற பெட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது, நண்பரே. செயற்கூறைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெட்டியைக் குறியிட்டு, மாற்றினால் வேலை முடிந்தது. பல்தேர்விலோ ஒவ்வோர் இடத்திலும் ஒரு கர்சர் நிற்கும்; திரைக்கு வெளியே, 3000ஆவது வரியில் நிற்கும் ஒரு கர்சர் என்ன செய்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் தட்டச்சு செய்வதை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இன்னும் எளிதாக்குவது எனக்கு நல்ல யோசனையாகத் தோன்றவில்லை.

வரிப்பொறி:
இருவருக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதால் குறுக்கிடுகிறேன். நோட்பேட்++ உள்ளே பயன்படுத்தும் சின்டில்லா கூறுக்கு ஒவ்வொரு செயலும் ஓர் எண்ணுள்ள செய்தியாகவே செல்கிறது. தேடல் விருப்பங்களை அமைப்பது 2198, கோப்பு முழுவதையும் இலக்காக்குவது 2690, பொருந்தும் எல்லாவற்றையும் தேர்வில் சேர்ப்பது 2689, அடுத்ததை மட்டும் சேர்ப்பது 2688. குறுக்கு விசைகள் சேமிக்கப்படும் எக்ஸ்எம்எல் கோப்பில் முதல் மூன்றையும் இதே வரிசையில் ஒரு மேக்ரோவாக (ஒரே விசையில் ஓட்டும் கட்டளைத் தொடராக) எழுதிவிட்டால் செருகுநிரலே தேவையில்லை. முழுச்சொல் விருப்பத்தின் மதிப்பு 2, எழுத்து வேறுபாட்டின் மதிப்பு 4. இரண்டும் வேண்டுமென்றால் 2198-க்கு 6 என்று கொடுக்க வேண்டும். 8.6-க்கு முந்தைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் இது வேலை செய்யும்.

ஆனால் இணையத்தில் சுற்றும் சில மேக்ரோக்களில் 2198 இல்லாமல் மற்ற இரண்டு செய்திகள் மட்டுமே இருக்கின்றன. இவற்றை நம்ப வேண்டாம். விருப்பங்களை நீங்கள் அமைக்காவிட்டால் முந்தைய தேடல் எதை விட்டுச் சென்றதோ அதையே சின்டில்லா எடுத்துக்கொள்ளும். ஆகவே காலையில் "டோட்டல்" என்ற மாறியை மட்டும் சரியாகப் பிடித்த மேக்ரோ, மாலையில் "சப்டோட்டல்" என்பதன் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துவிடும். மேக்ரோவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

பைந்நாகம்:
விருப்பங்களை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் அதுவே காரணம். மேக்ரோவில் 6 என்ற எண் மட்டும் நிற்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது என்னவென்று புரியாது. ஸ்கிரிப்டில் முழுச்சொல், எழுத்து வேறுபாடு என்று பெயர்களே நிற்கும். சொல்லின் தொடக்கத்தில் மட்டும் பொருந்தச் சொல்லும் விருப்பமும் சின்டில்லாவில் உண்டு. எட்டு மெனுக் கட்டளைகளில் எதிலும் அதற்கு இடமில்லை.

மெய்ப்பு:
நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் தமிழ்க் கோப்புகளைத் திருத்துகிறவன். எனக்கு முழுச்சொல்லும் உதவாது, சொல்தொடக்கமும் உதவாது. ஒரு பாடநூல் பகுதியில் "மரம்" வரும் இடங்களில் எல்லாம் "தாவரம்" என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின், மரங்கள், மரத்தை என்று வேற்றுமையும் பன்மையும் ஏறி நிற்பதால் முழுச்சொல் தேடல் "மரம்" என்பதோடு நின்றுவிடும். "மர" என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்தொடக்கமாகத் தேடினால், "மருந்து" என்பதிலுள்ள மர-வும் சிக்கும். ஏனென்றால் கணினிக்கு "ரு" என்பது ர என்ற குறியீடும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். தேடல் அவற்றுக்கு நடுவில் தயங்காமல் வெட்டுகிறது. அதன்மேல் "தாவர" என்று தட்டச்சு செய்தால், விடுபட்டு நின்ற உகரம் புதிய ர-வோடு ஒட்டிக்கொண்டு "தாவருந்து" என்று பார்வைக்கு ஒழுங்காகவே நிற்கும். புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தனிக்குறி தெரிந்தாலாவது கண்ணில் படும். இது அப்படியும் படாது.

எளியவன்:
மெய்ப்பு சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. "மர" என்பதற்குப் பின்னால் ம், த்த, ங் ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும், முன்னால் தமிழ் யூனிகோடு தொகுதியின் 128 இடங்களில் எதுவும் வரக் கூடாது என்று ஒரு சுருங்குறித் தொடரை (தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்) மாற்றீட்டுச் சாளரத்தில் எழுதுங்கள். மருந்தும் தப்பும், சாமரமும் தப்பும். எத்தனை இடங்கள் என்று முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கர்சர்களே வேண்டாம்.

பைந்நாகம்:
ஒரே சொல்லை ஒரே சொல்லாக மாற்றும்போது நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பொருந்திய இடத்தை மாற்றுவது மட்டுமே எப்போதும் வேலையாக இருப்பதில்லை. பொருந்திய இடத்திலிருந்து வரியின் கடைசிக்குப் போய் ஒரு காற்புள்ளி வைக்க வேண்டும், பிறகு இரண்டு சொற்கள் பின்னால் வந்து ஒன்றை நீக்க வேண்டும் என்றால், அதைச் சுருங்குறித் தொடராக யோசிப்பதைவிடக் கர்சர்களை நகர்த்துவது எளிது. அதே சுருங்குறித் தொடரை ஸ்கிரிப்டின் தேடல் செயற்கூறுக்குக் கொடுத்து, முதல் பொருத்தத்தைத் தேர்வாக அமைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும். மெனுவில் இதற்கு வழியே இல்லை, ஏனெனில் அது தேர்ந்தெடுத்த உரையை உள்ளபடியே தேடுகிறது.

வரிப்பொறி:
தமிழ்க் கோப்பில் அப்படி எழுதும்போது இடங்களைச் செருகுநிரலின் தேடல் செயற்கூறிடமிருந்தே வாங்குங்கள். உரை முழுவதையும் பைதான் சரமாக எடுத்து அதில் தேடாதீர்கள். சின்டில்லா இடங்களைப் பைட்டுகளில் எண்ணுகிறது. "மரம்" பைதான் 3-க்கு நான்கு குறியீடுகள். யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்த கோப்பிலோ அது 12 பைட்டுகள். ஆங்கிலக் கோப்பில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருப்பதால் சோதனையில் எல்லாம் சரியாக வரும். தமிழ் வரிகள் தொடங்கியதும் தேர்வுகள் உரிய இடத்துக்கு முன்னதாகவே எங்கோ போய் விழும்.

எளியவன்:
பார்த்தீர்களா, ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் கற்க வேண்டியவை ஏறிக்கொண்டே போகின்றன. சரி, எழுதத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு நிபந்தனை: தேர்வுகளின் எண்ணிக்கையை நிலைப்பட்டையில் காட்டிய பிறகே பயனரைத் தட்டச்சு செய்ய விடுங்கள். எண்ணிக்கையைத் தரும் அழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் 12 இடங்களை எதிர்பார்க்கும்போது 19 என்று வந்தால் அங்கேயே எஸ்கேப் விசையை அழுத்திவிடுவேன்.

பைந்நாகம்:
அதைச் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. கூடவே முதன்மைத் தேர்வை (பல தேர்வுகளில் திரை பின்தொடரும் ஒன்றை) முதலாவதாக மாற்றும் ஒரு வரியும் வேண்டும். இல்லையென்றால் கடைசியாகச் சேர்க்கப்பட்டதே முதன்மையாக நிற்கும்.

மெய்ப்பு:
எனக்குச் செருகுநிரல் நிறுவும் அனுமதி அலுவலகக் கணினியில் இல்லை. அதனால் வரிப்பொறியின் மேக்ரோவை நிரல் கோப்புகளுக்கும் எளியவனின் சுருங்குறித் தொடரைத் தமிழ்க் கோப்புகளுக்கும் வைத்துக்கொள்கிறேன். அந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தியதும் என்ன செய்ய வேண்டும்?

வரிப்பொறி:
சேமித்து, உடனே நோட்பேட்++-ஐ மூடித் திறங்கள். இடையில் வேறெந்தக் குறுக்கு விசையையும் மாற்ற வேண்டாம். மாற்றினால் நிரல் தன் நினைவிலுள்ள பழைய பட்டியலை உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடும்.