நூற்பதும் பின்னுவதும்: இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாமா?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். பகல் முழுக்கக் கணினி, ராத்திரி முழுக்கப் போன். கைக்கு உருப்படியாக ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று ஓர் ஆசை வந்திருக்கிறது. கம்பளி நூலை நானே நூற்க வேண்டும், அந்த நூலில் நானே ஒரு மஃப்ளர் பின்ன வேண்டும்.

பின்னல் சுத்தமாகத் தெரியாது. நூற்பதற்கு ஒரு தொங்கு கதிரும் (நூலில் தொங்கவிட்டுச் சுழற்றும் தண்டு) 100 கிராம் மெரினோ ஆட்டுக் கம்பளி இழையும் வாங்கி வைத்திருக்கிறேன். கதிரைச் சுழற்றிவிட்டு இழையை இழுப்பதற்குள் அது தரையில் கிடக்கிறது. அறுந்த முனையைப் பார்த்தால் இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது, நூல் என்றே சொல்ல முடியாது. ராட்டை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? பின்னலுக்கு என்ன ஊசி வாங்க? அப்புறம், வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கதிர்வட்டு:

ராட்டை இப்போது வேண்டாம். நீங்கள் மிதிக்கிற வரைக்கும் அது முறுக்கை ஏற்றிக்கொண்டே இருக்கும், கை தடுமாறினாலும் காத்திருக்காது. கதிரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கற்றுக்கொள்ள அதுதான் தேவை.

அறுந்த முனை இழை இழையாகப் பிரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. முறுக்கு பத்தவில்லை. முறுக்கு அதிகமாகி அறுந்தால் நூல் சுருண்டு சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு பட்டென்று தெறிக்கும். உங்களுடையது அறுபடவே இல்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத இழைகள் நழுவிப் போயிருக்கின்றன. நீங்கள் இழையை இழுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் கதிர் சுற்றி முடித்து, நின்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருக்கும். ஏறிய முறுக்கும் அதோடு இறங்கிவிடும், கதிர் கீழே விழும்.

அதனால் இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். முதலில் கதிரை வலஞ்சுழியாகச் சுழற்றி, கதிரில் கட்டியிருக்கும் துவக்க நூலில் முறுக்கு நன்றாக ஏறட்டும். கீழ்க்கையால் நூலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, கதிரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். இனி அது எங்கும் ஓடாது. மேல்கையில் இருக்கும் இழைக்கற்றையை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். நூல் எவ்வளவு தடிமன் வேண்டுமோ அந்த அளவுக்கு மெலிந்ததும் கீழ்க்கையின் பிடியைத் தளர்த்துங்கள். அடைபட்டிருந்த முறுக்கு விறுவிறுவென்று மேலே ஏறி, மெலிந்த இழை கண்முன்னே நூலாக இறுகும். அது மேல்கையைத் தாண்டிக் கற்றைக்குள் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால் கற்றை கட்டிப்போய்விடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது.

இன்னொன்று. கற்றையின் நுனியிலிருந்து ஒரு கொத்து இழையை உருவி நீளம் பாருங்கள். மெரினோ என்றால் பெரும்பாலும் 6 முதல் 10 செ.மீ. இருக்கும். இரு கைகளுக்கும் நடுவே அதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி வேண்டும். குறைவாக இருந்தால் ஒரே இழையின் இரண்டு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். எப்படி நகரும்? புதிதாக வருகிறவர்கள் 'இழை இறுகிவிட்டது' என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான். கையைத் தள்ளி வைத்தால் வெண்ணெயாக வழுக்கி வரும்.

மெரினோ முதல் இழையாக எனக்குப் பிடித்தமானது இல்லை. மிக மெல்லியது, 24 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்டது, வழுக்கும். காரிடேல் ஆட்டின் இழை 25 மைக்ரானுக்கு மேல், நீளமும் கூடுதல், ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் காரிடேல் வாங்கிப் பழகுங்கள், மெரினோ பெட்டியில் காத்திருக்கட்டும். கதிர் 30, 40 கிராம் எடைக்குள் இருந்தால் போதும். பருத்தியை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். அதன் இழை பெரும்பாலும் 3 செ.மீ.கூட வராது. தொங்குகிற எடையைத் தாங்காது என்பதால்தான் பருத்தி நூற்கும் சிறு கதிரான தக்ளியின் நுனியை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுகிறார்கள். அது தனி வித்தை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் ஒரே காலத்தில் கற்கலாம், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றக் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் கதிர், கொஞ்ச நேரம் ஊசி. ஊசிக்குக் கடை நூல்தான். நீங்கள் நூற்ற நூலில் பின்னல் பழகினால், கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கோணலாக விழும்போது குற்றம் நூலிலா கையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பூனை இருப்பதால் நூலையெல்லாம் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கிப் பிடித்து உயிருக்கே உலை வைக்கும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஊசிக்காரி:

நூற்பு எனக்குத் தெரியாது, பின்னலுக்கு மட்டும் பதில்.

4 முதல் 5 மி.மீ. மூங்கில் அல்லது மர ஊசி. உலோக ஊசியில் கண்ணிகள் சறுக்கி விழும், வேகம் வந்த பிறகு அதுவே வசதியாகும். நூல் நடுத்தரத் தடிமனில், வழவழப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. மொஹேர் மாதிரி மயிர் சிலும்பும் நூலைத் தப்பித் தவறியும் எடுக்காதீர்கள், பின்னியதைப் பிரிக்கவே முடியாது.

20 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் கண்ணியாகவே (பின்னலின் அடிப்படைக் கண்ணி) பின்னுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். 20 எப்படியோ 23 ஆகும், எல்லோருக்கும் ஆகும். திருடன் ஓரத்தில் இருக்கிறான். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போயிருந்தால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு கால்களும் இரண்டு தனிக் கண்ணிகள் மாதிரி நிற்கும். நீங்களும் இரண்டாகவே பின்னிவிடுவீர்கள். தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியிலிருந்து பின்பக்கம் கொண்டுபோனால் சரி.

முடிச்சு:

நான் கதிர்வட்டுடன் ஒத்துப்போகவில்லை. முதல் நூலைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறோம்? ஓரிடத்தில் கயிறு, ஓரிடத்தில் சிலந்தி நூல் என்று வரும் அந்தக் கோணல் நூல் கை பழகிய பிறகு கேட்டாலும் வராது. பிறகு வேண்டுமென்றே மேடு பள்ளமாக நூற்க உட்கார்ந்தால் செயற்கையாகத்தான் தெரியும். 8 மி.மீ. ஊசியை எடுத்து, எல்லா வரிசையும் நிட்டாகவே உடனே பின்னிவிடுங்கள். அந்தப் பின்னல் மேடுபள்ளத்தையெல்லாம் விழுங்கிவிடும். ஆசை சூடாக இருக்கும்போதே ஒரு பொருள் கையில் வந்தால்தான் மனம் ஊன்றும்.

கதிர்வட்டு:

முடிச்சு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பின்னத் தெரிந்தவர் கையில் அந்த முதல் நூல் அழகுதான். கண்ணி ஏற்றவே தெரியாதவர் கையில் அது அழுகை.

நூல்கண்டு:

முழங்கால் இடுக்கி முறை வேலை செய்கிறது! கதிர் விழுவதே இல்லை. காரிடேல் வாங்கினேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கடை நூலில் நிட், பர்ல் (நிட்டின் பின்முகம் தெரியும் கண்ணி) இரண்டும் வந்துவிட்டன. முடிச்சு பேச்சையும் தட்டாமல் என் நூலில் ஒரு சதுரம் பின்னிப் பார்த்தேன், ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். கண்ணி எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தண்ணீரில் நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தேன், எடுத்ததும் மறுபடி சாய்கிறது. கையா, நூலா?

கதிர்வட்டு:

நூல். உங்கள் கை மேல் குற்றமில்லை.

நீங்கள் பின்னியது ஒற்றைப் புரி, அதாவது வேறு இழையோடு சேர்த்து முறுக்காத தனி நூல். வலஞ்சுழியாக ஏற்றிய முறுக்கு இன்னும் அதற்குள் உயிரோடு இருக்கிறது. எல்லாக் கண்ணியும் ஒரே முகம் காட்டும் பின்னலில் அந்த முறுக்கு எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளும், அதனால் துணி சாயும். எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னியிருந்தால் முன்முகமும் பின்முகமும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். குண்டூசியால் இதைத் திருத்த முடியாது.

இரட்டைப் புரியாக்குங்கள். இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்துப் பிடித்து, இம்முறை கதிரை இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள். எதிர் முறுக்கு ஏற ஏற முதல் முறுக்கில் கொஞ்சம் அவிழ்ந்து, இரண்டும் சமநிலைக்கு வரும். போதுமா என்று பார்க்க, நூலை ஒரு முழம் தளர்த்தி வளையமாகத் தொங்கவிடுங்கள். வளையம் அமைதியாகத் தொங்கினால் போதும். நூற்ற திசையிலேயே தன்மேல் முறுக்கிக்கொண்டால் இடஞ்சுழி கூடிவிட்டது, எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டால் இன்னும் இடஞ்சுழி வேண்டும். ஒன்று, நூற்றவுடனே பாருங்கள். நாள்பட்ட நூலில் முறுக்கு உறங்கிப்போய் உங்களை ஏமாற்றும், நனைத்ததும் எழுந்துகொள்ளும்.

பிறகு சிட்டமாக (பெரிய வளையமாக) நூலைச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். கசக்காதீர்கள். சுடுதண்ணீரிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குத் தூக்கிப் போடாதீர்கள், கம்பளி திரைந்து கட்டியாகிவிடும். துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்து, எடை எதுவும் கட்டாமல் தொங்கவிடுங்கள்.

நூல்கண்டு:

நன்றி. ஒரு கதிரில் நூல் தீர்ந்து, மற்றதில் மிச்சம் இருந்தால்? அப்புறம், அந்த 100 கிராம் மெரினோ மஃப்ளருக்குப் போதுமா?

கதிர்வட்டு:

மிச்சத்தை நடுவிலிருந்தும் நூல் வருகிற மாதிரி உருண்டையாகச் சுற்றி, உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்து முறுக்குங்கள், துளி வீணாகாது. அடுத்த முறை நூற்கும் முன்பே இழையைத் தராசில் வைத்துச் சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள்.

மஃப்ளருக்குப் போதாது. நடுத்தரத் தடிமனில் இரட்டைப் புரியாக 100 கிராம் என்றால் ஏறக்குறைய 200 மீட்டர் வரும், ஆரம்பத்தில் தடிமனாக நூற்பீர்கள் என்பதால் இன்னும் குறையும். மஃப்ளருக்கு அதைப்போல இரண்டு பங்காவது வேண்டும். தொப்பிக்குச் சரியாக இருக்கும்.

ஊசிக்காரி:

தொப்பி என்றால் வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைத்திருக்கும்) வாங்க வேண்டும். முனைக்கு முனை நீளம் தலைச் சுற்றளவைவிடக் குட்டையாக, 40 செ.மீ. பாருங்கள். உச்சியில் கண்ணி குறையும்போது அதுவும் பெரிதாகிவிடும், அதற்கு இருமுனை ஊசி ஒரு செட் கூடவே வாங்கிவிடுங்கள்.