ஒகோனோமியாகியில் தாளிப்பு: எதை எங்கே சேர்ப்பது?

ஒகோனோமியாகி என்ற ஜப்பானிய முட்டைக்கோஸ் அடையை மசாலா சேர்த்துச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் பொடியை நேராக மாவில் கொட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. ஒசாகா பாணியில் ஒரு அடை 2 சென்டிமீட்டர் கனம் இருக்கும், பெரும்பங்கு முட்டைக்கோஸ். உள்ளே வேகவைப்பது நீராவிதான். சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மல்லித்தூள், மிளகாய்த்தூளின் பச்சை வாடை போக அது போதாது. கல்லைத் தொடுகிற அடிப்பக்கத்திலோ அதே தூள் கருகிக் கசக்கும். எண்ணெயில் பொரிந்த பிறகுதான் மசாலா மாவுக்குள் போக வேண்டும்.

ஒரு அடைக்கு: மைதா 60 கிராம், ஆறிய தாஷி (கொம்பு என்ற கடற்பாசியும் காட்சுவோபுஷி என்ற மீன் சீவலும் போட்டுக் காய்ச்சிய சாறு) 70 மில்லி, துருவிய நாகாய்மோ கிழங்கு 25 கிராம், முட்டை 1, கோஸ் 150 கிராம், தென்கசு எனப்படும் பொரித்த மாவுத் துளிகள் 10 கிராம், பெனி ஷோகா என்ற சிவப்பு இஞ்சி ஊறுகாய் 10 கிராம், மெல்லிய பன்றி வயிற்றுக்கறி 3 துண்டு.

தாளிக்க: எண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு கால் டீஸ்பூன், சீரகம் கால் டீஸ்பூன், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 1, கிள்ளிய கறிவேப்பிலை ஆறேழு இலை. கடுகு முழுதும் வெடிக்கட்டும். ஈர மாவுக்குள் போன பிறகு அது வெடிக்காது, கடிபடும்போது கசக்கும். தாளித்ததைக் கைச்சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை அங்கங்கே வெந்து திரிந்துவிடும்.

மைதா, தாஷி, நாகாய்மோ மூன்றையும் மட்டும் கலக்கி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோஸும் முட்டையும், கூடவே தாளிப்பு, தென்கசு, இஞ்சி ஊறுகாயும் கல் காய்ந்த பிறகுதான் சேர வேண்டும். முன்கூட்டியே கலந்தால் உப்பு பட்டுக் கோஸ் நீர் விடும், மாவு தளர்ந்து கல்லில் ஓடும். கரண்டியை அடியில் விட்டு மேலே தூக்கித் தூக்கி, காற்று உள்ளே போகிற மாதிரி பத்துப் பன்னிரண்டு தடவை கிளறினால் போதும்.

அடி கனமான இரும்புத் தோசைக்கல் நன்றாகச் சரிப்படும். சுமார் 200 டிகிரி, அதாவது தெளித்த தண்ணீர் முத்தாக உருள வேண்டும். மாவை 15 சென்டிமீட்டர் வட்டமாகக் குவித்து, மேலே கறியைப் பரப்பி 4 நிமிடம். இரண்டு தோசைத்திருப்பியால் திருப்பி, மூடி போட்டு 5 நிமிடம். மறுபடி திருப்பி 2 நிமிடம். எந்தக் கட்டத்திலும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே பிடித்துவைத்த காற்றெல்லாம் போய்க் களியாகிவிடும்.

* * *

மேலே சொன்ன தாளிப்பு அளவு சரி. பெருங்காயம் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கோஸுக்கு அது பொருந்தும், தாஷிக்குப் பொருந்தாது. கடுகளவுக்கு மேல் போனால் கொம்புவின் ருசியும் காட்சுவோபுஷியின் புகை மணமும் காணாமல் போய்விடும். அப்புறம் தாஷி காய்ச்சியதே வீண்.

சைவமாகச் செய்பவர்கள் காட்சுவோபுஷி உலர்ந்த மீன் சீவல் என்பதை நினைவில் வையுங்கள். 5 கிராம் கொம்பு, 2 உலர்ந்த ஷீட்டாக்கே காளான், அரை லிட்டர் தண்ணீர், இரவு முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் அப்படியே வடிகட்டலாம். சூடாக்குவதானால் கொதி வருமுன் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். கறிக்குப் பதில் காளானும் மெல்லிய டோஃபுத் துண்டும் வைக்கலாம். ஆனால் கறியில் உருகும் கொழுப்பு இல்லாததால், திருப்பும் முன் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட வேண்டும்.

* * *

நாகாய்மோ கிடைக்காதவர்கள் சேப்பங்கிழங்கைப் பச்சையாகத் துருவிப் போடாதீர்கள். வழவழப்பு ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது நன்றாக வேகாவிட்டால் தொண்டையை அரிக்கும். பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன் போதும். நாகாய்மோ தருகிற மென்மை முழுதும் வராது, உப்பல் வரும். நாகாய்மோ துருவும்போதே சிலருக்குக் கை அரிக்கும். அதிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு துருவினால் குறையும்.

* * *

ஹிரோஷிமா பாணியில் எதையும் கலப்பதில்லை, அடுக்குவதுதான். மெல்லிய மாவுத் தகடு, அதன்மேல் மீன் பொடி, மலைபோல் கோஸ், முளைப்பயறு, தென்கசு, கறி. திருப்பிப் போட்டதும் தகடு மூடியாகிவிடும், கோஸ் தன் நீரிலேயே வேகும். பக்கத்தில் நூடுல்ஸ், கடைசியில் முட்டை.

இங்கே மசாலாவுக்கு இடம் நூடுல்ஸ்தான். எண்ணெயில் அரை டீஸ்பூன் சீரகம் பொரித்து, ஒன்றிரண்டாக இடித்த மிளகு கால் டீஸ்பூன் போட்டு, நூடுல்ஸை அதில் விரித்து ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை விடுங்கள். கோஸ் அடுக்கில் தூவினால் நீராவியில் ஊறி மணம் மங்கிவிடும்.

மஞ்சள்தூள் போட்டதும் நூடுல்ஸ் செங்காவி நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். அந்த நூடுல்ஸில் கான்சுய் என்ற காரநீர் சேர்த்திருப்பார்கள். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் குங்குமமாகிற அதே விஷயம். மேலே சாஸ் ஊற்றினால் அதிலுள்ள வினிகர் பட்ட இடமெல்லாம் மறுபடி மஞ்சளாகத் திரும்பும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள்.

* * *

கரம் மசாலாவைப் பற்றி: அடையின் மேல் ஊற்றும் ஒகோனோமி சாஸ் வூஸ்டர் சாஸ் வழி வந்தது. கிராம்பு, பட்டை வகை மணம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. மாவில் வேறு கரம் மசாலா போட்டால் இரட்டிப்பாகி மருந்து வாடை அடிக்கும். மசாலாவைச் சாஸுக்குள்ளேயே வைத்துவிடுவது மேல்.

சாஸையே நம் பொருளில் செய்யலாம், வலிந்து செய்வதாகவும் இராது. இங்கிலாந்தின் பழைய வூஸ்டர் சாஸில் புளி உண்டு; ஹிரோஷிமாவின் ஒட்டஃபுக்கு சாஸில் பேரீச்சம்பழம் உண்டு. விதை நீக்கிய பேரீச்சை 4, கெட்டிப் புளிக்கரைசல் 1 டேபிள்ஸ்பூன், தக்காளி கெட்சப் 2 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 60 மில்லி, கிராம்பு 1, சிறு துண்டு பட்டை. மெல்லிய தீயில் 5 நிமிடம், பிறகு கிராம்பையும் பட்டையையும் எடுத்துவிட்டு அரைக்கவும். தேன் பதம் வர வேண்டும். அதைவிட நீர்த்திருந்தால் அடையின் மொறுமொறுப்பை ஊறவைத்துக் கெடுக்கும்.

* * *

சாம்பார் பொடி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பருப்பு மாவின் நீரை இழுத்துக்கொண்டு அடையை இறுக்கமாக்கும். பொடிதான் வேண்டுமென்றால் ஜப்பானியக் கறிப்பொடி அரை டீஸ்பூன். வறுத்து முதிரவைத்த பொடி என்பதால் பச்சை வாடை குறைவு. தோக்கியோவின் ட்சுகிஷிமாவில் மொஞ்சாயாகி என்ற தளர்ந்த மாவு அடை விற்கும் கடைகளில் கறிப்பொடி போட்ட மொஞ்சா சாதாரணமாகக் கிடைக்கும். அது கூழ்போலக் கல்லில் பரவிக் காய்வதால் பொடி கல்லின் சூட்டிலேயே வறுபட்டுவிடுகிறது. தடித்த ஒகோனோமியாகிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அரை டீஸ்பூனைக்கூட எண்ணெயில் பத்து விநாடி பிரட்டிவிட்டே சேருங்கள்.

இன்னொன்று, நல்லெண்ணெயும் ஜப்பானியர்களின் எள்ளெண்ணெயும் ஒன்றல்ல. அவர்களுடையது பெரும்பாலும் வறுத்த எள்ளில் ஆட்டியது, மணம் தூக்கலாக இருக்கும். தாளிக்க நல்லெண்ணெயை எடுங்கள்.

* * *

மேலே தூவும் அஓநோரி கடற்பாசிப் பொடியை எடுத்துவிட்டுக் கறிவேப்பிலைப் பொடி போடுகிறார்கள். இரண்டையும் பாதிப்பாதி தூவிப் பாருங்கள். இலையை ஈரமில்லாமல் துடைத்து, வெறும் கல்லில் மெல்லிய தீயில் நொறுங்கும்வரை வாட்டி, ஆறியபின் கையாலேயே நொறுக்குங்கள். வரிசை முக்கியம்: முதலில் சாஸ், அதன்மேல் மயோனைஸ் கோடுகள், பிறகு பொடி, கடைசியில் காட்சுவோபுஷி. அடை சூடாக இருக்கும்போதே தூவினால்தான் சீவல்கள் ஆவியில் நெளிந்தாடும், புகை மணமும் எழும்பும்.