பழைய பேண்ட்சாவைச் சீரமைத்தல்: ஒயிட் மெட்டல் பேரிங்கை மாற்ற வேண்டுமா?

கம்மனஹள்ளி மரவேலைக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு மைசூர் ரோடு பக்கம் மூடப்பட்ட ஒரு மர அறுவை மில்லிலிருந்து, 18 அங்குலச் சக்கரங்கள் கொண்ட வார்ப்பிரும்பு பேண்ட்சா (மேலும் கீழும் உள்ள இரு சக்கரங்களில் பட்டை போன்ற வாள் சுழன்று மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கி வந்து, வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். பெயர்த்தகடு இல்லாததால் எந்த ஊரில் செய்ததென்று தெரியவில்லை. சிவாஜிநகரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த என் தந்தை, நாற்காலிக் கால்களின் வளைவுகளை இதைப் போன்ற ஓர் இயந்திரத்தில்தான் அறுப்பார். அதனால் இது மீண்டும் மரம் அறுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கீழ்ச் சக்கரத்தின் ஒன்றரை அங்குல ஷாஃப்ட், ஒயிட் மெட்டல் எனும் மென்மையான உலோகக் கலவையை உள்ளே வார்த்த பேரிங்கில் சுழல்கிறது. கையால் தூக்கினால் சிறிது ஆட்டம் தெரிகிறது. லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஒயிட் மெட்டலைச் சுரண்டி எறிந்துவிட்டு, துளையைப் பெரிதாக்கி பால் பேரிங் போடச் சொல்கிறார். உடன் வந்த 2 எச்.பி. மோட்டார் மூன்று ஃபேஸ், 415 வோல்ட். என் வீட்டிலோ ஒற்றை ஃபேஸ் மின்சாரம்தான். சக்கரங்களின் ரப்பர் கல்லைப் போல இறுகி வெடித்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அல்சூர் ஃபிட்டர் (ஓய்வு):
தம்பி, பேரிங்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் சக்கரங்களைக் கழற்றிச் சோதியுங்கள். ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல வார்ப்பிரும்பு மணியைப் போல நீண்டு ஒலிக்கும். விரிசல் விழுந்த சக்கரம் மண் பானையைத் தட்டியது போலச் சட்டென்று அடங்கிவிடும். ஐயம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டிப் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து, பொடியில் கோடு போட்டுக் காட்டும்.

ஒயிட் மெட்டலை எறிய வேண்டாம். ஐசக் பாபிட் என்பவர் 1839-இல் உருவாக்கிய, வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கலவை, எண்ணெய் தவறாமல் கிடைத்தால் வீட்டு வேலைக்குப் பல்லாண்டுகள் உழைக்கும். ஷாஃப்டின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுமானி) வைத்து, மரக்கட்டையால் நெம்பித் தூக்கி ஆட்டத்தை அளந்து பாருங்கள். உங்கள் ஷாஃப்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு இருந்தால் போதுமானது. அதிகமாக இருந்தால், பேரிங் மூடிக்கு அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளை இரு புறமும் சமமாக எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு உடலில் ஒருமுறை துளையைப் பெரிதாக்கிவிட்டால் திரும்ப வழியில்லை; அது கோணலாக அமைந்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்காது, பிளேடும் சக்கரத்தில் நிலைக்காது. ஒயிட் மெட்டலை வீட்டில் உருக்கி ஊற்றவும் முயலாதீர்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும்.

பீன்யா மோட்டார் வைண்டர்:
மோட்டாரை விற்க வேண்டாம். இணைப்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஆறு முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊரில் இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில்தான் வரும், அதாவது மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அதை, சுருள்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவாக மாற்றினால், ஒற்றை ஃபேஸ் வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி.யில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) அதே மோட்டார் ஓடும். கனமான சக்கரங்கள் என்பதால், முழு வேகத்தை எட்டச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள்.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 18 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 56.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.7 அடி. மரத்துக்கு நிமிடத்துக்கு 3000 அடி வேகம் போதும் என்பதால், சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 640 சுற்றுகள் சுற்ற வேண்டும். மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் என்றால், மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும் கீழ் ஷாஃப்டில் 9 அங்குலப் புல்லியும் சரியாக அமையும்.

ஃபிரேசர் டவுன் வாசகர்:
ரப்பர் டயரை ஒட்டுவதற்கு முன் பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுங்கள். ஒட்டிய பின் சக்கரத்தைக் கையால் சுழற்றியபடியே, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும்படி தேயுங்கள். பிளேடை நடுவில் நிறுத்துவது அந்த மேடுதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், குறிப்பாக வீட்டில் குழந்தைகள் இருந்தால்.

கம்மனஹள்ளி மரவேலைக்காரன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரிங்கின் ஆட்டம் ஆயிரத்தில் ஆறு பங்காக இருந்தது. ஷிம் எடுத்த பின் இரண்டுக்கு வந்துவிட்டது. எண்ணெய்த் துளைகளில் மரத்தூளும் பிசினும் கெட்டித்து அடைத்திருந்தன. மோட்டாரில் ஆறு முனைகள் இருக்கின்றன. ஆனால் மேல் சக்கரம் ஒலிக்கவே இல்லை. பொடி தூவியதும், ஓர் ஆரக்காலின் அடியில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கோடு தெரிந்தது. இதை வெல்டு வைக்கலாமா?

அல்சூர் ஃபிட்டர் (ஓய்வு):
கூடாது. பிளேடின் இழுவிசை முழுவதையும் தாங்கிக்கொண்டு உங்கள் தலை உயரத்தில் சுழலும் சக்கரம் அது. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வார்ப்பிரும்பு மறுபடி வெடிக்கும் என்பதால் அதை நம்பி முன்னால் நிற்க முடியாது. இதே அளவில் வேறு சக்கரம் கிடைக்காவிட்டால், புதிதாக வார்ப்பதுதான் வழி. நீங்கள் மரவேலை தெரிந்தவர். வார்ப்படத்துக்கான மர மாதிரியை நீங்களே செய்யலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், 18 அங்குலத்துக்கு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு கூட்டி, லேத்தில் கடைவதற்கும் தனியாக இடம் விடுங்கள். கடைந்த பின் சக்கரத்தைச் சமன் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

கம்மனஹள்ளி மரவேலைக்காரன்:
அப்படியே செய்கிறேன், ஐயா. அப்பா விட்டுச் சென்ற தேக்குப் பலகைகள் பரணில் இருக்கின்றன. மாதிரியை அவற்றில்தான் செய்யப் போகிறேன். உடைந்த சக்கரத்தின் அளவுகளை இன்று மாலை எடுத்து, வரைபடத்தை இங்கே இடுகிறேன். மரத்தில் கை வைப்பதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.