ஸ்னூக்கரில் பிரேக் (ஆட்டத்தின் தொடக்க அடி) அடித்தபின் வெள்ளைப் பந்து நீலப் பந்தில் மோதி நின்றுவிடுகிறது: எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி:
வணக்கம். ஆறு மாதங்களாகச் சென்னையில் ஒரு கிளப்பில் ஸ்னூக்கர் பழகி வருகிறேன். பிரேக் அடிக்க, வெள்ளையைப் பழுப்புப் பந்துக்கும் மஞ்சள் பந்துக்கும் இடையில் வைத்து, சிவப்புக் குவியலின் கடைசி வரிசையில் வலக்கோடிப் பந்தை வலது சைடு கொடுத்து (அதாவது, வெள்ளையின் நடுவுக்கு வலப்புறம் க்யூ என்னும் கோலால் தட்டி, அது சுழலும்படி) அடிக்கிறேன். மேல் குஷனிலும் (குவியலுக்கு அப்பாலுள்ள மேசையின் ரப்பர் விளிம்பு) வலது குஷனிலும் பட்டுத் திரும்பும்வரை எல்லாம் சரியாகவே தெரிகிறது. ஆனால் பத்துக்கு ஆறு முறையாவது வெள்ளை நீலத்தில் மோதி நடுமேசையிலேயே நின்றுவிடுகிறது. குவியலும் கலைந்து கிடப்பதால், எதிராளி தம் முதல் வாய்ப்பிலேயே முப்பது, நாற்பது புள்ளிகள் எடுத்துவிடுகிறார். பிழை குறியிலா, வேகத்திலா?

பதில் 1:
குவியலும் கலைகிறது என்று நீங்கள் எழுதியதே விடையைச் சொல்லிவிடுகிறது: சிவப்பின் மீது வெள்ளை தடிமனாக, அதாவது ஓரத்தை உரசாமல் நடுவை நோக்கி, படுகிறது. வலது சைடு கொடுத்து விரைவாக அடிக்கும்போது, வெள்ளை குறிக்கோட்டிலிருந்து சற்றே இடப்புறம் தள்ளப்பட்டுத்தான் புறப்படும். வெள்ளையை வைக்கும் ‘டி’ என்ற அரைவட்டத்திலிருந்து குவியல்வரையுள்ள நீண்ட தொலைவில் அந்தச் சிறு விலகல் பெரிதாகி, ஓரத்தை உரச வேண்டிய பந்து பாதிவரை ஏறி மோதுகிறது. அப்படி மோதிய வெள்ளை மேல் மூலைக்கு அருகே குஷனைத் தொட்டு, நீலம் இருக்கும் பாதையிலேயே குறுக்கே திரும்புகிறது. மெலிதாகப் பட்டால் அதே வெள்ளை நீலத்துக்கும் பழுப்புக்கும் இடையே கடந்து, இடது குஷனில் பட்டு, பச்சைக்குப் பின்னால் போய்ச் சேரும். ஆகவே சிவப்பின் கால் பங்கை மட்டும் வெள்ளை மறைக்கும் அளவுக்குக் குறிவைத்து, அதிலும் ஒரு மயிரிழை வெளியே நகர்த்துங்கள். க்யூவின் பின்பகுதியை உயர்த்தாமல் இயன்றவரை தட்டையாகப் பிடிப்பதும் அவசியம்; உயர்த்தினால் வெள்ளை வளைந்து ஓடும், அப்போது எந்தக் குறியும் நம்பத்தக்கதன்று.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் பதினைந்து சிவப்புகளையும் அடுக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையின் ஐந்து பந்துகளையும் நீலத்தையும் வைத்தாலே போதும். கோடிப் பந்தை மட்டும் தனியாக வைக்காதீர்கள், ஏனெனில் பக்கத்துப் பந்தின் தாங்கல் இல்லாவிட்டால் வெள்ளை விலகும் கோணமே மாறிவிடும். மழைக்காலத்தில் துணி ஈரம் ஏறி மந்தமாகும், அன்றைக்குச் சற்றுக் கூடுதல் வேகம் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை இருபது முறை அடித்துப் பார்த்ததில், மூன்று முறைதான் நீலத்தில் பட்டது. ஆனால் இப்போது வெள்ளை அடிக்குஷனில் (நான் நின்று அடிக்கும் பக்கத்து விளிம்பில்) பட்டு, ஒரு சாண் தூரம் முன்னே வந்து நிற்கிறது.

பதில் 1:
அது வேகம் மட்டுமே. சைடையும் குறியையும் தொடாமல், க்யூவைப் பின்னிழுக்கும் நீளத்தை இரண்டு விரற்கடை குறைத்துப் பாருங்கள்.